'ஒண்ணு' என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல



இந்தப் பகுதியில் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, டிங்கி, எலிக் காய்ச்சல் என்று நமக்குப் பழக்கமான நோய்களைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வருகிறேன். இம்முறை நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஓர் இரத்தப் புற்றுநோயைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் தோட்டத்தில் பழம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். வயது 71. உடம்பு அசதியாக இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் வந்தார். இரத்தம் எடுத்து அனுப்பினேன். முடிவு சரியில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கே எல்லாச் சோதனையும் செய்து, நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 'சி.எம்.எம்.எல்.-1' என்று இருந்தது. மூன்று வாரம் கழித்து வரச் சொல்லித் தேதியும் கொடுத்தார்கள்.

அவர் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து, முகம் வெளுத்து, ஈறில் இரத்தம் கசிய, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏன் அண்ணே போகலே?" என்று கேட்டேன். "ஒண்ணுதானே போட்டிருந்தாங்க டிரசரய்யா? மூணு, நாலுன்னாதானே மோசம்? பக்கத்து வீட்டுலேயும் அதைத்தான் சொன்னாங்க" என்றார்.

இந்த எட்டு மாதமும் அவரை வாரம் ஒரு முறையாவது கடையில் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டதோடு சரி. தாளைக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

இது என்ன நோய்?

இதன் முழுப் பெயர் குரோனிக் மைலோமோனோசைட்டிக் லுக்கேமியா. சுருக்கமாக சி.எம்.எம்.எல். குரோனிக் என்றால் நாட்பட்டது, மெல்ல நடப்பது. லுக்கேமியா என்றால் இரத்தப் புற்றுநோய். நடுவில் உள்ள மோனோசைட் என்பது நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கிருமிகளையும் செத்துப்போன அணுக்களையும் விழுங்கித் துப்புரவு செய்வது அதன் வேலை. நல்ல உடம்பில் நூறு வெள்ளை அணுக்களில் இரண்டு முதல் பத்து வரை மோனோசைட் இருக்கும்.

எல்லா இரத்த அணுக்களும் எலும்புக்குள் இருக்கும் மச்சையில்தான் உற்பத்தியாகின்றன. அங்கே அவை முதலில் முதிராத அணுக்களாகத் தோன்றி, படிப்படியாக முதிர்ந்து, பிறகு இரத்தத்துக்கு வருகின்றன. முதிராத அந்த அணுக்களை மருத்துவர்கள் 'பிளாஸ்ட்' என்பார்கள்.

சி.எம்.எம்.எல். நோயில் மச்சையில் உள்ள ஒரு தாய் அணுவின் மரபுக்கூறு கெட்டு, அதன் வழி வந்த அணுக்கள் பெருகுகின்றன. மோனோசைட் மிதமிஞ்சி உற்பத்தியாகிறது. அதே வேளையில் சிவப்பணு, பிளேட்லெட் போன்ற நல்ல அணுக்களின் உற்பத்தி குறையலாம், கோணலாகவும் ஆகலாம். ஆக, ஒரு பக்கம் மிகுதி, இன்னொரு பக்கம் குறை. இரண்டும் சேர்ந்தே இருப்பதால்தான் இந்நோயை எந்தப் பெட்டியில் போடுவது என்று மருத்துவ உலகமே பல ஆண்டு யோசித்தது.

இது பெரும்பாலும் 70 வயதை ஒட்டி வருவது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

பெயர் வைக்கும் முன் விலக்க வேண்டியவை

மோனோசைட் கூடிவிட்டால் உடனே புற்றுநோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். காசநோயில் கூடும். மலேரியாவில் கூடும். இதய வால்வில் கிருமி பிடித்தாலும் கூடும். காய்ச்சல் விட்டு உடம்பு தேறும்போதும் சில நாள் கூடியிருக்கும். அதனால் மருத்துவர்கள் ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை. திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்து, கூடுதல் நிலையாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். "எத்தனை தடவைதான் ரத்தத்தை உறிஞ்சுவாங்க?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தாளில் வெள்ளை அணு 8.4 என்று இருந்தால் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 8,400 என்று பொருள். பெரியவரின் முதல் தாளில் இதுதான் இருந்தது. மோனோசைட் 26 விழுக்காடு. 8,400-ல் 26 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 2,180. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி பல ஆண்டுகளாக மோனோசைட் 1,000-க்குக் குறையாமல் இருந்தால்தான் இந்த நோயின் பேச்சே எடுப்பார்கள். 2022-ல் அந்த எல்லையை 500 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் 500-க்கும் 1,000-க்கும் இடையில் இருந்தால், அணுக்களின் கோணலும் மரபுக்கூற்றுக் கெடுதலும் இரண்டுமே நிரூபணமாக வேண்டும். அதோடு வெள்ளை அணுக்களில் மோனோசைட் 10 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். எண்ணிக்கை, விழுக்காடு இரண்டும் வேண்டும். ஏனென்றால் மற்ற அணுக்கள் குறைந்தாலே விழுக்காடு மட்டும் ஏறிக் காட்டும்.

இன்னொன்றையும் விலக்க வேண்டும். சி.எம்.எல். என்று வேறோர் இரத்தப் புற்றுநோய் உண்டு. பெயரில் ஓர் எழுத்துத்தான் குறைவு. ஆனால் நோய் வேறு. அதில் பிலடெல்பியா குரோமோசோம் என்ற அடையாளம் இருக்கும். அதற்கு இமாட்டினிப் என்ற மாத்திரை அருமையாக வேலை செய்கிறது. சி.எம்.எம்.எல். நோயில் அந்த அடையாளம் இருக்காது. அந்த மாத்திரை இதற்கு மருந்தும் அல்ல. "எங்க மாமாவுக்கும் ரத்தப் புத்துதான், மாத்திரையிலேயே கேட்டுச்சு" என்று சொல்லி ஒருவர் மருந்தை இன்னொருவர் வாங்கி விழுங்கக் கூடாது.

இவற்றையெல்லாம் உறுதி செய்ய எலும்பு மச்சையை எடுத்துப் பார்த்தாக வேண்டும். முதுகெலும்பில் ஊசி போடுவார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்று ஒரு பயம் நம்மிடையே உண்டு. அது தவறு. ஊசி போடுவது இடுப்பெலும்பின் பின்பக்கத்தில். மரத்துப்போக மருந்து போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். வலி கொஞ்சம் இருக்கும். கால் விளங்காமல் போகாது.

பழ லாரியும் இரண்டு கேள்விகளும்

நோய் இதுதான் என்று முடிவானபின் மருத்துவர் அதை வகை பிரிக்கிறார். இதைப் புரிந்துகொள்ள நம் பழ லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மில்லுக்கு ஒரு லாரி செம்பனைக் குலை போகிறது. அங்கே இரண்டு காரியம் நடக்கிறது. முதலில் எடைப்பாலத்தில் நிறுத்தி மொத்தம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிறகு குலைகளைக் கொட்டி எண்ணி, நூற்றுக்கு எத்தனை பச்சைக் குலை என்று பார்க்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். எடை குறைந்த லாரியில் பச்சைக் குலை நிறைய இருக்கலாம். எடை கூடிய லாரியில் எல்லாம் நல்ல பழமாக இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

சி.எம்.எம்.எல். வகைப் பிரிவும் இப்படித்தான். மொத்த வெள்ளை அணு எவ்வளவு என்பது முதல் கேள்வி. அணுக்களில் நூற்றுக்கு எத்தனை முதிராதவை என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்வி: மொத்தம் எவ்வளவு?

பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவர்கள் அடங்கிய குழு ஒன்று இரத்த நோய்களை வகை பிரித்தது. எப்.ஏ.பி. குழு என்பார்கள். 1982-ல் அக்குழு சி.எம்.எம்.எல். நோயை, மச்சை சரிவர உற்பத்தி செய்யாத நோய்களின் கூட்டத்தில் சேர்த்தது. ஆனால் சிலருக்கு அணு குறைவு, சிலருக்கு அளவில்லாத பெருக்கம் என்று இந்நோய் இரண்டு விதமாக நடப்பது தெரிந்தே இருந்தது. 1994-ல் அதே குழு 13,000 என்று ஒரு கோடு கிழித்தது.

வெள்ளை அணு 13,000-க்குக் குறைவாக இருந்தால் அது குறை உற்பத்தி வகை. தாளில் 'எம்.டி.' என்று போடுவார்கள். இவர்களுக்குச் சிவப்பணு குறைந்து சோகை, அசதி, மூச்சு வாங்கல் வரும். பிளேட்லெட் குறைந்து ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். கிருமி எளிதில் தொற்றும். சிலருக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

13,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பெருக்க வகை. 'எம்.பி.' என்று போடுவார்கள். இவர்களுக்கு மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். இரவில் வேர்த்துக் கொட்டும், எடை குறையும். தோலில் தடிப்பு வரலாம். பொதுவாக இந்த வகையின் போக்கு கொஞ்சம் கடுமையானது.

இரண்டாவது கேள்வி: எத்தனை பச்சை?

2001-ல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயைப் பழைய கூட்டத்திலிருந்து எடுத்து, குறை உற்பத்தியும் பெருக்கமும் கலந்த நோய்கள் என்று ஒரு தனிப் பிரிவு உண்டாக்கி அதில் வைத்தது. அப்போதுதான் 1, 2 என்ற எண்கள் வந்தன. இந்த எண்கள் முதிராத அணுக்களின் கணக்கு. மார்பகப் புற்றுநோயில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று சொல்கிறார்களே, அந்தக் கட்டமல்ல இது. பெரியவர் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

கணக்கு இதோ:

சி.எம்.எம்.எல்.-1: இரத்தத்தில் முதிராத அணு 5 விழுக்காட்டுக்குக் கீழே, மச்சையில் 10 விழுக்காட்டுக்குக் கீழே.

சி.எம்.எம்.எல்.-2: இரத்தத்தில் 5 முதல் 19 வரை, அல்லது மச்சையில் 10 முதல் 19 வரை. முதிராத அணுவுக்குள் 'ஆவர் குச்சி' என்ற ஊசி போன்ற வடிவம் தென்பட்டாலும் இரண்டில்தான் சேர்ப்பார்கள்.

20 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் பொதுவாக அது சி.எம்.எம்.எல். அல்ல. தீவிர இரத்தப் புற்றுநோயாக மாறிவிட்டது என்று பொருள்.

பாருங்கள், இதில் மூன்று கிடையாது, நான்கு கிடையாது. இரண்டுக்கு அடுத்தது தீவிர நோய்தான். ஆகவே 'ஒண்ணு' என்பது நூறில் ஒன்று போலச் சின்ன விஷயம் அல்ல. இரண்டே படிதான், நீங்கள் முதல் படியில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டே இருக்க இன்னும் அவகாசம் இருக்கிறது என்பதுதான் அதில் உள்ள நல்ல சேதி. அந்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது.

இந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள்? கண்ணாடிச் சில்லில் இரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, நுண்பெருக்கியில் பார்த்து அணு அணுவாக எண்ணுகிறார்கள். இரத்தத்தில் 200 அணு, மச்சையில் 500 அணு எண்ணுவது முறை. பாதி முதிர்ந்த 'புரோமோனோசைட்' என்ற அணுவையும் முதிராததோடு சேர்த்தே எண்ண வேண்டும். அதை முதிர்ந்த மோனோசைட்டிலிருந்து பிரித்தறிவது பழக்கப்பட்ட கண்ணுக்கும் சிரமம். பச்சையா, அரைப் பழமா என்று மில்லில் நடக்கிற வாக்குவாதம் நமக்குத் தெரியாததா? அதனால் சில சமயம் சில்லை இன்னொரு நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். முடிவு தாமதமானால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பூச்சியம் எங்கே போனது?

பெரியவருக்கு நேர் எதிரான ஒரு சம்பவமும் நடந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருவர் அழுதுகொண்டே வந்தார். அவருடைய அப்பாவுக்கும் இதே நோய். 2019-ல் கொடுத்த தாளில் 'சி.எம்.எம்.எல்.-0' என்று இருந்தது. 2023-ல் கொடுத்த தாளில் 'சி.எம்.எம்.எல்.-1'. "முத்திப் போச்சுங்களா டிரசரய்யா? வீட்டுக்காரரு வண்டியை வித்து பிரைவேட்டுக்குக் கொண்டு போகலாம்கிறாரு" என்றார்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கும் மச்சையில் முதிராத அணு 3 விழுக்காடு, இன்றைக்கும் 3. இரத்தத்தில் அன்றைக்கும் 1, இன்றைக்கும் 1. வெள்ளை அணுவும் 18,000-ஐ ஒட்டியே இருந்தது. நோய் நின்ற இடத்தில்தான் நின்றது. மாறியது அளவுகோல்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒன்றை இரண்டாகப் பிரித்து, இரத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் மச்சையில் 5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் பூச்சியம் என்று ஒரு வகை வைத்தார்கள். நோயின் போக்கைச் சொல்வதில் அந்தப் பிரிவினால் பெரிய பயனில்லை என்று கண்டு, 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு மற்றொரு நிபுணர் குழுவும் பன்னாட்டு ஒருமித்த வகைப்பாடு என்று தனியாக ஒன்று வெளியிட்டது. அதிலும் பூச்சியம் இல்லை. ஆகவே பழைய பூச்சியம் எல்லாம் இப்போது ஒன்றுக்குள் அடங்கும்.

எண்ணின் பின்னால் இருக்கும் விழுக்காட்டைக் காட்டி விளக்கினேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். வண்டி விற்கப்படவில்லை.

ஒருவர் எண்ணைப் பார்த்து அலட்சியமானார். இன்னொருவர் எண்ணைப் பார்த்து அலறினார். இருவரும் செய்த தவறு ஒன்றே: எண்ணைப் பார்த்தார்கள், எதை எண்ணிய எண் என்று கேட்கவில்லை.

மூன்றாவது கேள்வி: விதை எது?

லாரியின் எடையையும் பச்சைக் குலையையும் பார்த்தாயிற்று. ஆனால் மரம் இனி எப்படிக் காய்க்கும் என்று அறிய விதையைப் பற்றியும் கேட்க வேண்டுமல்லவா? அதுதான் குரோமோசோம் சோதனையும் மரபுக்கூற்றுச் சோதனையும்.

குரோமோசோம் ஒழுங்காக இருந்தால் நல்லது. எட்டாம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தாலோ, ஏழாம் குரோமோசோமில் கெடுதல் இருந்தாலோ, பல கெடுதல்கள் சேர்ந்திருந்தாலோ நோய் வேகமாக நடக்கும் வாய்ப்பு அதிகம். மரபுக்கூறுகளில் டெட்-2, எஸ்.ஆர்.எஸ்.எப்.-2, ஏ.எஸ்.எக்ஸ்.எல்.-1 என்ற மூன்றும் இந்நோயில் அடிக்கடி கெட்டுப்போகிறவை. அவற்றில் ஏ.எஸ்.எக்ஸ்.எல்.-1 கெட்டிருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும்.

2013-ல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் எல்லாவற்றையும் கூட்டிப் புள்ளி போடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். சி.பி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். பெருக்க வகைக்கு ஒரு புள்ளி. சி.எம்.எம்.எல்.-2-க்கு ஒரு புள்ளி. அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் ஒரு புள்ளி. குரோமோசோம் கெடுதலுக்குத் தக்கபடி ஒன்று அல்லது இரண்டு புள்ளி. புள்ளி ஏற ஏற ஆபத்து அதிகம். பின்னர் மரபுக்கூற்றுக் கணக்கையும் இதோடு சேர்த்திருக்கிறார்கள். ஆக, ஒரே எண்ணை வைத்து எந்த மருத்துவரும் முடிவு செய்வதில்லை. நாமும் செய்யக் கூடாது.

வகை தெரிந்து என்ன பயன்?

வைத்தியம் வகையைப் பொறுத்தது. ஆபத்துக் குறைந்தவருக்கு உடனே மருந்து தொடங்காமல் இரத்தச் சோதனை மட்டும் செய்து கவனித்து வருவார்கள். "மருந்தே குடுக்கலே, கைவிட்டுட்டாங்க" என்று எண்ண வேண்டாம். கவனிப்பதும் வைத்தியம்தான். குறை உற்பத்தி வகையில் இரத்தமும் தேவைப்பட்டால் பிளேட்லெட்டும் ஏற்றுவார்கள். பெருக்க வகையில் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைக் கொடுத்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவார்கள். முதிராத அணு கூடியவர்களுக்கு அசாசிட்டிடின் என்ற ஊசி உண்டு. வழக்கமாக 28 நாளுக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஏழு நாள் ஊசி. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நோயை முற்றாகத் தீர்க்கக்கூடியது வேறொருவரின் தாய் அணுவை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை ஒன்றுதான். அது உடம்பை மிகவும் வருத்தும். அதனால் வயதும் உடல்நிலையும் பார்த்துத்தான் செய்வார்கள். நம் நாட்டில் இரத்த நோய்களுக்கு அரசாங்கத்தின் தேசியப் பரிந்துரை மையமாக அம்பாங் மருத்துவமனை இருக்கிறது. தேவையென்றால் உங்கள் டாக்டரே அனுப்பி வைப்பார்.

கேட்கப்படும் சில கேள்விகள்

*இது தொத்து நோயா?* இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். ஆனால் காய்ச்சல், சளி உள்ளவர்கள் நோயாளியிடமிருந்து விலகி இருப்பது நல்லது. அவருக்குத்தான் கிருமி எளிதில் தொற்றும்.

*பிள்ளைகளுக்கு வருமா?* பெரும்பாலும் வராது. மரபுக்கூறு கெடுவது வயது ஏற ஏற அந்த ஒருவருடைய மச்சையில் நடப்பது. பரம்பரையாக இறங்குவது மிக அரிது.

*நாட்டு மருந்து சாப்பிடலாமா?* எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மண்ணீரல் வீங்கியவர்கள் வயிற்றைத் தடவிவிடவோ உருவிவிடவோ விடக் கூடாது. மண்ணீரல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து.

*வேலை செய்கிறவருக்கு வந்தால்?* 60 வயதுக்கு முன் இந்நோயால் வேலை செய்ய இயலாமல் போனால், சொக்சோவின் இயலாமைத் திட்டத்தில் மனுச் செய்ய வழி உண்டு. சந்தா கட்டிய கணக்கைப் பொறுத்து முடிவாகும். வேலையை விட்டு நிற்கும் முன் சங்கக் கிளைச் செயலாளரைப் பாருங்கள். அவசரப்பட்டு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. பழைய தாள், புதிய தாள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே ஆதாரம்.

2. டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வெள்ளை அணு 13,000-க்கு மேலா, கீழா? முதிராத அணு இரத்தத்தில் எத்தனை விழுக்காடு, மச்சையில் எத்தனை? குரோமோசோம் சோதனை என்ன சொல்கிறது? அடுத்த சோதனை எப்போது? கேட்பதில் வெட்கமில்லை. தமிழில் கேட்க முடியாவிட்டால் மலாயில் கேட்கப் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

3. உடம்பு நன்றாக இருந்தாலும் தேதியைத் தவறவிடாதீர்கள். முதிராத அணு பெருகுவது ஆரம்பத்தில் வலிக்காது. இரத்தத்தை எண்ணினால்தான் தெரியும்.

4. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நிற்காத இரத்தக் கசிவு, உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன திட்டுகள், இடது விலாவின் கீழ் திடீர் வலி என்றால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. மேல்வலிக்குக் கடையில் ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். பிளேட்லெட் குறைந்தவருக்கு அது இரத்தக் கசிவைக் கூட்டும்.

அந்தப் பெரியவரை அன்றே ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினேன். இரத்தச் சத்து 6-க்கு இறங்கியிருந்தது. முதிராத அணு இரத்தத்தில் 1-லிருந்து 7 விழுக்காடாகவும், மச்சையில் 6-லிருந்து 14 விழுக்காடாகவும் ஏறியிருந்தது. வெள்ளை அணு அப்போதும் 13,000-க்குக் கீழேதான். மொத்த எடை பெரிதாக ஏறவில்லை, பச்சைதான் ஏறிவிட்டது. ஒன்று இரண்டாகிவிட்டது. இப்போது மாதா மாதம் ஏழு நாள் ஊசிக்குப் போய் வருகிறார். மகன் இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் வண்டி ஓட்டுகிறான். எட்டு மாதம் முந்தியே போயிருந்தால் நோய் ஏறாமலே இருந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏறும்போதே கண்டுபிடித்து, இத்தனை தளர்வதற்கு முன்பே ஊசியைத் தொடங்கியிருக்கலாம்.

சென்ற வாரம் வந்தபோது கோப்பை மேசையில் வைத்தார். தாள்கள் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. "இந்தத் தடவை எத்தனை பச்சை, பார்த்துச் சொல்லுங்க டிரசரய்யா" என்றார்.

உங்கள் வீட்டிலும் படிக்காமல் மடித்து வைத்த ஆஸ்பத்திரித் தாள் இருக்கலாம். எந்த நோயின் தாளாக இருந்தாலும் சரி, இந்த வாரமே எடுத்துக்கொண்டு உங்கள் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய்க் கேளுங்கள். படித்துச் சொல்வது எங்கள் கடமை.